ஒரு கண்டத்தின் விறகுக் கணக்கைப் போடுவது எப்படி?

விறகைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுத வருகிற மாணவர்கள் பெரும்பாலும் ஒற்றை எண்ணோடு வருகிறார்கள். "ஆப்பிரிக்கா ஆண்டுக்கு ஏறத்தாழ 70 கோடி கன மீட்டர் விறகு எரிக்கிறது, டீச்சர்" என்பார்கள். அதை எண்ணியவர் யார், எடை போட்டது ஈர மரத்தையா காய்ந்த மரத்தையா, கரியாகப் போனதும் அதில் அடக்கமா, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தேடிக்கொண்டு, ஒரு கண்டத்தின் விறகு ஆற்றல் எப்படி ஏறி இறங்கியது என்பதைத் தாமே கணக்கிட்டு வரைபடமாக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில், பினாங்கின் புக்கிட் மெர்தாஜாமில் படிவம் ஆறு, அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்திய வகுப்பு, மாணவர்களுக்குப் பல காலம் புவியியல் நடத்தியவள் நான். சூரிய ஆற்றல், செம்பனை என்று எல்லோரும் ஒரே தலைப்பின் பின்னால் ஓடும்போது, விறகை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விடாமல் சொல்லிவந்திருக்கிறேன். உலகம் ஆண்டுதோறும் வெட்டும் சுமார் 400 கோடி கன மீட்டர் மரத்தில் ஏறக்குறைய பாதி அடுப்புக்குத்தான் போகிறது. ஆப்பிரிக்காவில் பத்தில் ஒன்பது பங்கு. இவ்வளவு பெரிய ஆற்றல் மூலத்தைப் பாடப்புத்தகம் ஒரு பத்தியில் கடந்துபோவது எனக்கு இன்றுவரை பொறுக்கவில்லை.

முதலில் ஒரு கட்டு விறகு

கணினியைத் திறக்கும் முன் கையால் ஒருமுறை விறகை அளந்து பாருங்கள். அதைச் செய்யாதவர்களுக்குக் கன மீட்டர் என்பது வெறும் எழுத்தாகவே இருந்துவிடும்.

பினாங்கில் இதற்குக் கஷ்டமே இல்லை. கோயில் அன்னதானக் கூடங்களுக்கும், தைப்பூசத்தில் தண்ணீர்மலைச் சாலையோரம் போடும் பந்தல்களுக்கும், இன்னும் விறகடுப்பை விடாத சில சாப்பாட்டுக் கடைகளுக்கும் ரப்பர் விறகு லோரியில் வந்து இறங்குகிறது. அனுமதி கேட்டு, ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரத்துக்கு அடுக்கித் தரச் சொல்லுங்கள். அளவு நாடாவால் மூன்று பக்கமும் பாருங்கள். இது அடுக்குக் கன மீட்டர். கட்டைகளுக்கு இடையே காற்று இருக்கிறது. காற்றைக் கழித்தால் மரம் மட்டும் 0.65 கன மீட்டர் தேறும் என்பது ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, அதாவது எஃப்ஏஓ, வழக்கமாகக் கொள்ளும் அளவு. புள்ளிவிவரங்களில் நீங்கள் பார்க்கப் போகும் கன மீட்டர் எல்லாம் இந்தத் திட மரத்தின் கன மீட்டர்தான், அடுக்கின் கன மீட்டர் அன்று. இதைக் கவனிக்காமல் விட்டால் தொடக்கத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிசகும்.

பிறகு எடை. ஒரு கட்டையைத் தராசில் வையுங்கள். வெட்டி இரண்டு நாளான ரப்பர் கட்டையையும், கூரைக்கடியில் மூன்று மாதம் கிடந்ததையும் அடுத்தடுத்துக் கையில் எடுத்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். காய்ந்த கட்டையின் முனையில் நடுவிலிருந்து விளிம்புவரை கீறல் ஓடியிருக்கும். பட்டை விரல் பட்டால் உரிந்து வரும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் 'டங்' என்று சத்தம் கேட்கும். பச்சைக் கட்டையைத் தட்டினால் 'தொம்' என்றுதான் வரும். அதை அடுப்பில் வைத்தால் மறுமுனையில் நுரை கட்டி நீர் கசியும், ரப்பர் மரமானால் பால் கருகிய வாடையும் சேரும். அந்த நுரைதான் உங்கள் கணக்கைக் கெடுக்கும் ஈரம். எரிகிற சூட்டில் ஒரு பகுதி அந்த நீரை ஆவியாக்கவே போய்விடுகிறது.

ஈரத்தை அளக்க, கட்டையின் நடுவிலிருந்து விரல் தடிமனில் ஒரு வட்டத்தை அறுத்து எடை போடுங்கள். அடுப்புப் பெட்டியில் 105 பாகை செல்சியஸில் வைத்து, எடை இதற்கு மேல் குறையாது என்னும்வரை விட்டு, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைத் தொடக்க எடையால் வகுத்தால் ஈரத்தின் பங்கு. முற்றிலும் காய்ந்த மரம் கிலோவுக்கு ஏறக்குறைய 18.5 மெகாஜூல் தரும் என்று வைத்துக்கொள்ளுங்கள் (ஜூல் ஆற்றலின் அலகு, பத்து லட்சம் ஜூல் ஒரு மெகாஜூல்). ஈரம் 20 விழுக்காடானால் கையில் கிடைப்பது 14.3 மெகாஜூல். 50 விழுக்காடானால் 8 மெகாஜூல். கணக்கு முறை இதுதான்: 18.5-ஐ உலர்ந்த பங்கால் பெருக்குங்கள். ஈரத்தின் பங்கை 2.44-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். 2.44 என்பது ஒரு கிலோ நீரை ஆவியாக்கத் தேவையான மெகாஜூல்.

இதற்கு ஒரு முழு வகுப்பு நேரத்தை நான் ஒதுக்குவேன். பின்னால் வரும் எல்லாச் சண்டையும் இந்த ஈரத்தில்தான் தொடங்குகிறது.

எண்களை எடுப்பது

எஃப்ஏஓ நடத்தும் ஃபாவோஸ்டாட் தரவுத்தளம் இலவசம். வனப் பொருள்கள் பிரிவில் உற்பத்தியும் வணிகமும் என்ற பட்டியலுக்குப் போங்கள். 1961 முதல் ஆண்டுவாரியாக எண்கள் இருக்கின்றன. 'எரிமரம்' என்ற பொருளையும் 'மரக்கரி' என்ற பொருளையும் உற்பத்தி அளவு என்ற தலைப்பில் எடுங்கள். எரிமரம் கன மீட்டரில் வரும், கரி டன்னில் வரும்.

இரட்டைக் கணக்கு விழும் இடங்கள் மூன்று. எரிமரத்துக்குள் ஊசியிலை மரம், மற்ற மரம் என்று உட்பிரிவுகள் இருக்கின்றன. மொத்தத்தையும் உட்பிரிவுகளையும் சேர்த்துக் கூட்டாதீர்கள். சீனா என்ற வரியும், அதன் பெருநிலப்பகுதி என்ற வரியும் தனித்தனியாக இருக்கும். இரண்டையும் கூட்டினால் ஆசியா வீங்கிவிடும். மூன்றாவது இடத்தில்தான் நன்றாகப் படித்த பிள்ளைகளும் வழுக்குகிறார்கள்: எரிமரம் என்ற எண்ணுக்குள் கரி மூட்டத்துக்கு, அதாவது மரத்தை மூடிச் சுட்டுக் கரியாக்கும் இடத்துக்கு, போன மரமும் அடக்கம். கரியைத் தனியாக ஆற்றலாக்கி இதோடு சேர்க்கும்போது ஒரே மரம் இரண்டு முறை எரிகிறது. ஒரு டன் கரிக்கு 6 கன மீட்டர் மரம் என்று எஃப்ஏஓ கொள்கிறது. ஆகவே கரியின் டன்னை ஆறால் பெருக்கி எரிமரத்திலிருந்து கழித்துவிடுங்கள். மிச்சம்தான் மரமாகவே எரிந்த விறகு.

நாட்டெல்லைகளையும் பாருங்கள். சோவியத் ஒன்றியம் முழுவதும் ஐரோப்பாக் கணக்கில் இருந்தது. 1992 முதல் கசக்ஸ்தான், உஸ்பெகிஸ்தான் போன்றவை ஆசியாவுக்கு வந்தன. எரித்திரியா 1993-இல் எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்தது, சூடான் 2011-இல் இரண்டானது. கண்டத்தின் மொத்தத்தை இவை பெரிதாக அசைக்காது என்றாலும், நாடுவாரியாகக் கோடு போடும்போது திடீர்ப் பள்ளமாகத் தெரியும்.

மில்லியனைக் கோடியாக்கும்போதும் நிதானம் வேண்டும். 10 மில்லியன் ஒரு கோடி. நம் ஊர்த் தமிழ் நாளிதழ்களில் மில்லியனும் கோடியும் கலந்தே வருவதால், மாணவர்கள் ஒரு சுழியத்தை விட்டுவிடுகிறார்கள். தாளின் தலையிலேயே எந்த அலகு என்று எழுதிவிடுங்கள்.

யார் எண்ணினார்கள்?

ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சிறிய எழுத்து நிற்கும். அது நாடு தந்த அதிகாரபூர்வ எண்ணா, மதிப்பீடா, விட்டுப்போன இடத்தை நிரப்பிய எண்ணா என்று சொல்லும். மாணவர்கள் முதலில் அழிக்கும் பத்தி அது. நான் முதலில் படிக்கச் சொல்லும் பத்தியும் அதுதான். ஆப்பிரிக்காவில் பெரும்பாலான நாடுகளுக்கு விறகு எண் மதிப்பீடாகவே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

காரணம் எளிது. விறகு எந்த எடைமேடையையும் தாண்டி வருவதில்லை. நான் வளர்ந்த தோட்டத்தில் அம்மா பால்மரம் சீவினார். விடியலில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவார்கள். செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆள் குறிக்கப்படும். பால் நிறுக்கப்பட்டு, ஒட்டுப்பால் தனியாக நிறுக்கப்பட்டு, எல்லாம் தோட்டத்துக் கணக்கரான கிராணியின் புத்தகத்தில் ஏறும். மறுநடவுக்காக மரம் சாய்த்த பகுதியில் மாலையில் பெண்கள் கிளை பொறுக்கிக் கயிற்றில் கட்டித் தலையில் சுமந்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசைக்கு, கொண்டுவருவார்கள். அந்தக் கட்டை எந்தப் புத்தகமும் கண்டதில்லை. வீட்டில் வேகும் சோறு முழுவதும் அதில்தான் வெந்தது. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் கோடிக்கணக்கான வீடுகளில் இன்றும் விறகு இப்படித்தான் வந்து சேர்கிறது. விற்றால்தான் பில் உண்டு, பில் இருந்தால்தான் எண் உண்டு.

ஆகையால் நீண்ட காலமாக எஃப்ஏஓ, எண் தராத நாடுகளுக்கு ஒரு தலைக்கு இவ்வளவு என்று வைத்து மக்கள்தொகையால் பெருக்கி வந்தது. மக்கள்தொகை ஏறினால் விறகும் தானாக ஏறும் கணக்கு அது. 2000-ஆம் ஆண்டையொட்டி அந்த முறையை மாற்றி, வருமானம், நகர்ப்புற மக்கள், காட்டுப் பரப்பு முதலியவற்றைச் சேர்த்த கணித மாதிரிகளால் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்தே எண்களைத் திருத்தினார்கள். ஒரு நாட்டின் கோடு ஐம்பது ஆண்டுகளுக்கு அலையே இல்லாமல் வழவழவென்று ஏறினால், அங்கே யாரும் போய் அளக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். உண்மையான விறகுக்கு மழை உண்டு, பஞ்சம் உண்டு, போர் உண்டு. அவை வந்த ஆண்டுகளில் கோடு நேராகப் போகாது.

இதனால் எண்களை வீசிவிட வேண்டியதில்லை. மதிப்பீடு இருக்கும் ஆண்டுகளைப் புள்ளிக்கோடாகவும் அளந்த ஆண்டுகளை முழுக்கோடாகவும் வரையுங்கள். படிப்பவர் கண்ணாலேயே புரிந்துகொள்வார்.

கன மீட்டரிலிருந்து ஆற்றலுக்கு

ஐ.நா. ஆற்றல் புள்ளிவிவரங்களில் நெடுங்காலம் வழங்கிய அளவு: ஒரு கன மீட்டர் விறகு 9.135 கிகாஜூல் (ஆயிரம் மெகாஜூல் ஒரு கிகாஜூல்). ஒரு கன மீட்டர் 725 கிலோ என்ற எஃப்ஏஓ எடையோடு இதைப் பொருத்தினால் கிலோவுக்கு 12.6 மெகாஜூல் வருகிறது. காலநிலைக் கணக்குகளுக்காக ஐ.பி.சி.சி., அதாவது காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு, தரும் அளவோ கிலோவுக்கு 15.6 மெகாஜூல். ஒரே மரம், ஒரே எடை, நான்கில் ஒரு பங்கு வித்தியாசம். நீங்கள் அடுப்புப் பெட்டியில் உலர்த்திய வட்டத்தை இப்போது நினைத்துப் பாருங்கள். மேலே தந்த முறையில் பின்னோக்கிப் போட்டால், 12.6 என்பது ஈரம் 28 விழுக்காடு உள்ள மரம், 15.6 என்பது 14 விழுக்காடு ஈரமுள்ள, நன்றாகக் காய்ந்த மரம். எது சரி என்று வாதிட வேண்டாம். ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசி ஆண்டுவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால், யாரும் ஒரு கட்டைகூடக் கூடுதலாக எரிக்காமலே கண்டத்தின் ஆற்றல் ஒரே இரவில் கால் பங்கு ஏறிவிடும். இரண்டு வெவ்வேறு அறிக்கைகளின் எண்களை ஒட்டவைத்துக் கோடு போடும்போது நடப்பது பெரும்பாலும் இதுதான்.

நான் பழைய 9.135-ஐயே பயன்படுத்துகிறேன். வெட்டிச் சில வாரங்களில் எரிக்கும் குடும்பங்களின் விறகு அதற்குப் பக்கத்தில் இருக்கும் என்பது என் எண்ணம். கோடிக் கணக்கில் பேசும்போது இது வசதியாகவும் இருக்கிறது: ஒரு கோடி கன மீட்டர் விறகுக்கு 91.35 பெட்டாஜூல் (பத்து லட்சம் கிகாஜூல் ஒரு பெட்டாஜூல்). கரிக்குக் கிலோவுக்கு 29.5 மெகாஜூல், அதாவது ஒரு கோடி டன்னுக்கு 295 பெட்டாஜூல்.

கையால் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

மேலே சொன்ன திருத்தத்தின்போது எஃப்ஏஓ மாதிரிகள் தந்த மதிப்பீடுகளை எடுத்துக்கொள்வோம். இன்று ஃபாவோஸ்டாட்டில் இறக்கினால் எண்கள் வேறுபடும், முறை அதேதான். இந்த மதிப்பீடுகளில் விறகு தனி, கரி தனி, ஆகவே கழிக்க வேண்டிய வேலை இல்லை.

ஆப்பிரிக்கா, 1970: விறகு ஏறத்தாழ 26.1 கோடி கன மீட்டர், கரி 81 லட்சம் டன். 2000: விறகு 44 கோடி கன மீட்டர், கரி 2.3 கோடி டன்.

விறகின் ஆற்றல் 1970-இல் 26.1-ஐ 91.35-ஆல் பெருக்க 2,384 பெட்டாஜூல், கரி 0.81-ஐ 295-ஆல் பெருக்க 239. மொத்தம் 2,623. 2000-இல் விறகு 4,019, கரி 679, மொத்தம் ஏறத்தாழ 4,698. முப்பது ஆண்டுகளில் 79 விழுக்காடு ஏற்றம்.

இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். விறகு 69 விழுக்காடு ஏறியிருக்கும்போது கரி கிட்டத்தட்ட மூன்று மடங்காகியிருக்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் போன குடும்பம் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு போகாது. எடை குறைந்த, புகை குறைந்த கரி மூட்டையை வாங்கும். லுசாக்காவிலும் டார் எஸ் சலாமிலும் கின்ஷாசாவிலும் நடந்தது அதுதான். காட்டுக்கு இதன் விலை அதிகம். 1970-இல் கரிக்காக வெட்டிய மரம் ஆறு மடங்குக் கணக்கில் 4.86 கோடி கன மீட்டர், 2000-இல் 13.8 கோடி. அந்த 13.8 கோடி கன மீட்டர் மரத்தில் 1,261 பெட்டாஜூல் இருந்தது, கரியாக நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது 679. மீதி மூட்டத்தின் புகையாகவும் சூடாகவும் போய்விட்டது. மண் மூட்டங்களில் மரத்தின் எடையில் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுவரைதான் கரியாகத் தேறும் என்பதால், ஒரு டன்னுக்கு 6 கன மீட்டர் என்பதே தாராளமான கணக்கு.

மூட்டத்தைக் கண்ணால் பார்க்க நம்மவர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. பினாங்கிலிருந்து தெற்கே பேராக்கின் கோலா செப்பெத்தாங்கில் பாக்காவ் என்ற சதுப்புநில மரத்தைக் கரியாக்கும் செங்கல் சூளைகள் இருக்கின்றன, கவிழ்த்த பானைபோல் வட்டமாக. 1.6 மீட்டர் நீளத்துக்கு வெட்டிப் பட்டை உரித்த கட்டைகளை உள்ளே நெட்டுக்குத்தாக நிறுத்தி வைத்திருப்பார்கள். வாயில் தீ மூட்டுகிறார்கள், ஆனால் உள்ளே இருக்கும் மரம் எரிவதில்லை, சூட்டில் வேகிறது. துவாரத்தில் வரும் புகையின் நிறத்தையும் வாசத்தையும் வைத்தே எப்போது வாயை அடைப்பது என்று அங்கே வேலை செய்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். பின்னால் நிற்கும் மாத்தாங் சதுப்புநிலக் காடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு, 30 ஆண்டுச் சுழற்சியில் வெட்டப்பட்டுவரும் காடு. மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். 'டன்னுக்கு ஆறு கன மீட்டர்' என்ற வரி அதற்குப் பிறகு அவர்களுக்கு மறக்காது.

அடுத்து, ஆட்களால் வகுத்தல். ஆப்பிரிக்காவின் மக்கள்தொகை 1970-இல் ஏறத்தாழ 36.5 கோடி, 2000-இல் 81.5 கோடி. ஒரு தலைக்கு 1970-இல் 7.2 கிகாஜூல், 2000-இல் 5.8. கண்டத்தின் கோடு மேலே போகிறது, மனிதரின் கோடு கீழே இறங்குகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போடாத வரைபடத்தை நான் ஏற்றுக்கொள்வதில்லை. முதல் கோட்டை மட்டும் பார்ப்பவர் மக்கள் தாராளமாக எரிக்கிறார்கள் என்று நினைப்பார். இரண்டாவது கோட்டைப் பார்த்தால், விறகு கிடைப்பது அரிதானதும், சிலர் வேறு எரிபொருளுக்கு மாறியதும், அடுப்பில் சிக்கனம் வந்ததும் எல்லாம் கலந்து தெரியும். எது எவ்வளவு என்று பிரிக்க நாடுவாரியாகப் போக வேண்டும்.

ஆசியாவைப் பிரித்துப் போடுங்கள்

ஆசியாவுக்கு அதே மதிப்பீடுகள்: கிழக்கு, தென்கிழக்கு, தெற்கு மூன்றையும் சேர்த்து 1970-இல் விறகு 82 கோடி கன மீட்டரைச் சற்றே தாண்டியிருந்தது, 2000-இல் 76 கோடியைச் சற்றே தாண்டியிருந்தது. வரைந்தால் கிட்டத்தட்டப் படுத்த கோடு. ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதி முடித்துவிடத் தோன்றும்.

பிரித்துப் பார்த்தால் கிழக்காசியா 29.3 கோடியிலிருந்து 22.4 கோடிக்கும், நம் தென்கிழக்காசியா 29.5 கோடியிலிருந்து 17.8 கோடிக்கும் இறங்கியிருக்கின்றன. தெற்காசியா 23.5 கோடியிலிருந்து 36 கோடிக்கு ஏறியிருக்கிறது. ஒரு பக்கம் இறங்கியதை மறுபக்கம் ஏறியது மறைத்துவிட்டது. கண்டம் என்ற சொல்லை நம்பிக் கணக்குப் போடுவதில் உள்ள பெரிய ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். அதனால்தான் கிழக்கு, தெற்கு என்று உட்பகுதிகளின் கோடுகளைக் காட்டாத எந்தக் கண்ட வரைபடத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் தேடுங்கள். சீனாவில் 1980-களின் தொடக்கத்தில் அரசு பெரும் அளவில் மேம்பட்ட அடுப்புகளைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது, நிலக்கரியும் பரவியது. 1998 வெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டத் தடைகள் வந்தன. இந்தோனேசியா 2007-இல் மண்ணெண்ணெயிலிருந்து 3 கிலோ சமையல் எரிவாயுத் தோம்புக்கு (சிலிண்டர்) மாறும் திட்டத்தைத் தொடங்கியது. குறிவைத்தது மண்ணெண்ணெயை என்றாலும் விறகடுப்புக் குடும்பங்களும் அதே தோம்பைப் பெற்றன. இந்தியாவில் 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கி, ஏழைக் குடும்பப் பெண்களின் பெயரில் எரிவாயு இணைப்பு வழங்கப்பட்டது. இணைப்பின் எண்ணிக்கையை விறகிலிருந்து அப்படியே கழித்துவிடாதீர்கள். தோம்பு வந்த வீட்டிலும் விறகடுப்பு பக்கத்திலேயே இருக்கும். சோற்றுக்கு ஒன்று, தேநீருக்கு ஒன்று. மறுநிரப்பலுக்குப் பணம் இருக்கும் மாதத்தையும் இல்லாத மாதத்தையும் பொறுத்து அடுப்பு மாறும். மறுநிரப்பல் எண்ணிக்கை கிடைத்தால் அதையே நம்புங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எஃப்ஏஓ கணக்கில் உலகிலேயே அதிக விறகு எரிக்கும் நாடு இந்தியாதான், ஆண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி கன மீட்டர்.

பானைக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு என்று ஒரு வரி சேர்த்தால் கட்டுரை இன்னும் பலப்படும். மூன்று கல் அடுப்பில் விறகின் சூட்டில் 10 முதல் 15 விழுக்காடுதான் பானைக்குள் இறங்கும். எரிவாயு அடுப்பில் பாதிக்கு மேல் இறங்கும். நம் வீட்டில் மாட்டும் 14 கிலோ தோம்பு செய்யும் சமையலை 20 விழுக்காடு ஈரமுள்ள விறகில் செய்ய ஏறத்தாழ 190 கிலோ வேண்டும் (விறகடுப்பின் திறன் 13 விழுக்காடு, எரிவாயு அடுப்பின் திறன் 55 விழுக்காடு என்று வைத்துப் போட்ட கணக்கு). அந்த 190 கிலோவைச் சுமக்கும் தலையும் கழுத்தும் பெரும்பாலும் பெண்களுடையவை. புகையும் அவர்கள் நெஞ்சுக்குள்தான் போகிறது. வீட்டுக்குள் காற்று மாசடைந்ததால் 2020-இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஆற்றல் வரைபடத்தின் கீழே இந்த எண்ணையும் எழுதுங்கள் என்று மாணவர்களைக் கட்டாயப்படுத்தியிருக்கிறேன். அது பாடத்திட்டத்தில் இல்லை என்பது எனக்குப் பொருட்டாக இருந்ததில்லை.

கோட்டை முன்னால் இழுக்காதீர்கள்

வரைபடம் முடிந்ததும் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், அதே சாய்வில் 2050 வரை இழுத்துப் பார்க்க. 1970-களில் அதைத்தான் செய்தார்கள். எரிக் எக்ஹோம் 1975-இல் விறகுதான் உலகின் இன்னோர் ஆற்றல் நெருக்கடி என்று எழுதினார். அவர் சுட்டிக்காட்டிய துயரம் உண்மைதான். அதற்குப் பின் வந்த பல திட்டக் கணக்குகள் ஒரு பக்கம் மக்கள்தொகையோடு ஏறும் தேவையையும், மறுபக்கம் காட்டில் வளரும் மரத்தையும் வைத்துக் கழித்து, சில பத்தாண்டுகளில் விறகு தீர்ந்துவிடும் என்றன. பல இடங்களில் அப்படி நடக்கவில்லை. விறகு காட்டிலிருந்து மட்டும் வருவதாக அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். பாங்காக்கிலிருந்து எஃப்ஏஓ நடத்திய வட்டார மர ஆற்றல் திட்டம் மலேசியா உட்பட 16 ஆசிய நாடுகளில் பார்த்தபோது, விறகில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு காட்டுக்கு வெளியேயிருந்து வருவது தெரிந்தது: வரப்பு மரங்கள், வீட்டுத் தோட்டங்கள், தென்னை மட்டை, மறுநடவில் சாய்க்கும் ரப்பர் மரம். எங்கள் தோட்டத்துப் பெண்கள் சுமந்த கட்டும் அந்த வகைதான்.

ஆகவே விறகு எண்ணைக் காடழிப்பு எண்ணாக மாற்றி எழுதாதீர்கள். கரிக்காக நகரங்களைச் சுற்றி வெட்டும் மரத்துக்கு அது ஓரளவு பொருந்தும். குடும்பம் பொறுக்கும் சுள்ளிக்குப் பொருந்தாது.

இன்னொன்று, மரத்துகள் உருண்டைகள். மரவேலைக் கழிவை அழுத்திச் செய்யும் இவற்றை வியட்நாம் போன்ற நாடுகள் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் உள்ள மின்நிலையங்களுக்கு ஏற்றுமதி செய்கின்றன. ஃபாவோஸ்டாட்டில் இவை 2012 முதல் தனிப்பொருள், எரிமரத்துக்குள் வராது. ஆசியாவின் அடுப்பு விறகு இறங்கும்போதே மின்நிலைய மரம் ஏறுவதைக் காட்ட விரும்பினால் தனிக் கோடாகப் போடுங்கள், அடுப்போடு கூட்டிவிடாதீர்கள்.

வரைந்து வைப்பது

செங்குத்து அச்சைச் சுழியத்திலிருந்து தொடங்குங்கள். வரைபடத்தின் அடியில் நான்கு செய்திகள் கட்டாயம்: கன மீட்டருக்கு எத்தனை கிகாஜூல் கொண்டீர்கள், டன் கரிக்கு எத்தனை கன மீட்டர் கழித்தீர்கள், எந்த நாடுகளின் எண் மதிப்பீடு, எந்தத் தேதியில் இறக்கினீர்கள். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். எஃப்ஏஓ திருத்தம் செய்யும்போது புதிய ஆண்டை மட்டும் சேர்ப்பதில்லை, பழைய ஆண்டுகளையும் மாற்றுகிறது. சென்ற ஆண்டு நண்பர் போட்ட வரைபடமும் இந்த ஆண்டு நீங்கள் போட்டதும் ஒத்துப்போகாததற்குப் பல முறை காரணம் அதுவாகவே இருக்கும்.

இறக்கிய மூலக் கோப்பைத் திருத்தாமல், பெயரில் தேதியோடு தனியாக வையுங்கள். கணக்கை அதன் படியில் செய்யுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி இறக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது, ஆப்பிரிக்காவுக்கு எத்தியோப்பியா, கொங்கோ ஜனநாயகக் குடியரசு, நைஜீரியா மூன்றையும் முதலில் பாருங்கள். கண்டத்தின் கோட்டை அசைக்கும் அளவுக்குப் பெரிய எண்கள் அவற்றுடையவை. ஆசியாவுக்கு இந்தியாவும் சீனாவும்.